கோடையில் குளிர் ஓய்வு, நவம்பரில் முட்டை: லெப்பர்ட் கெக்கோ வளர்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

ஐரோப்பா, வட அமெரிக்காவில் கூண்டில் வளரும் லெப்பர்ட் கெக்கோ (சிறுத்தைப் புள்ளிப் பல்லி) பெரும்பாலும் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை முட்டையிடும். நவம்பரில் முட்டை வேண்டுமென்று பலர் சூட்டைக் கூட்டிப் பார்க்கிறார்கள். அது வேலைக்கு ஆகாது. முன்னால் இழுக்க வேண்டியது குளிர் ஓய்வை, அதாவது சேர்க்கைக்கு முன் சில வாரம் தீனியின்றிக் குளிரில் வைக்கும் காலத்தை.

ஜூன் கடைசியில் தீனியை நிறுத்துங்கள். ஹீட் மேட் (கூண்டுக்கு அடியில் வைக்கும் சூட்டு விரிப்பு) மட்டும் இன்னும் இரண்டு வாரம் வழக்கம்போல ஓடட்டும். குடல் காலியாகாமல் குளிருக்குப் போனால் தின்ற பூச்சி செரிக்காமல் உள்ளேயே அழுகும். பிறகு 3, 4 நாளுக்கு ஒருமுறை 2 டிகிரி இறக்கி, 18–20 டிகிரியில் 6 முதல் 8 வாரம் வையுங்கள். விளக்கு 14 மணி நேரத்திலிருந்து 10க்கு வரட்டும். தண்ணீர்க் கிண்ணம் காயக்கூடாது. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் இறங்கிய பெட்டையைப் படிப்படியாகச் சூட்டுக்குக் கொண்டுவந்து, இந்தச் சுற்றில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். 50 கிராம் தொடாத பெட்டையை ஆரம்பத்திலேயே சேர்க்க வேண்டாம்.

—

மேலே சொன்னதில் சிரமமே ஜூலையில் 20 டிகிரிக்கு இறக்குவதுதான். நிலவறை இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் 22–23 டிகிரியிலும் பல பெட்டைகள் சரியாகவே சினைப்படும். ஆனால் பகல் வெளிச்சத்தைக் கட்டாயம் மறைக்க வேண்டும். விளக்கை 10 மணி நேரத்தில் அணைத்துவிட்டு, ஜன்னல் வழியே இரவு 9 வரை வெயில் வந்தால் எல்லாம் வீண். தடித்த கறுப்புத் திரை போடுங்கள்.

—

சூடு திரும்பியதும் உடனே ஆண் கெக்கோவைப் பெட்டையோடு விடாதீர்கள். 3, 4 வாரம் நல்ல தீனி, கால்சியம், வைட்டமின் டி3 கொடுத்து வால் பருத்த பிறகு விடுங்கள். பெட்டையைக் கண்ணாடி டப்பாவில் வைத்து அடிவயிற்றைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பு வட்டங்கள் தெரிந்தால் அதுதான் நேரம். ஆண் வாலை நடுக்கிச் சத்தமெழுப்பி, கழுத்தைக் கவ்வும். சில நாளில் பிரித்துவிடலாம். பெட்டை விந்தைச் சேமித்து வைக்கும். ஒரு சேர்க்கைக்கே பல ஈடு (ஒரு தடவையில் இடும் முட்டைகள்) வரும். ஈட்டுக்கு 2 முட்டை, ஈடுகளுக்கு நடுவே பெரும்பாலும் 2 முதல் 4 வாரம்.

—

குளிர்காலத்தில் முட்டையைக் கெடுப்பது ஹீட்டர் ஓடும் அறையின் வறண்ட காற்று. முட்டையைப் புதைக்கும் வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) தண்ணீரும் எடைக்கு எடை சமம். முட்டையை எடுத்ததும் மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, புரட்டாமல் பாதி புதையுங்கள். முதல் வாரங்களில் குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. டப்பாவின் ஓரமாகத் தண்ணீர் விடுங்கள், முட்டைமேல் படவேண்டாம். பொரிக்கும் சமயத்தில் விழும் குழிக்கு எதுவும் செய்யாதீர்கள், அது இயல்பு. பத்து நாள் கழித்து டார்ச் அடித்தால் கருவுற்ற முட்டையில் சிவப்பு நரம்பு தெரியும். மஞ்சளாகவே இருந்தால் அநேகமாகக் கூமுட்டை.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்ஸரை இன்குபேட்டர் (அடைகாக்கும் பெட்டி) சுவரில் ஒட்டாமல் முட்டை டப்பாவுக்குள் வையுங்கள். அறை இரவில் குளிரும்போது வேறுபாடு அங்கேதான் தெரியும். உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில் வைத்தால் சூடு அலைபாயாது. 26–27 டிகிரியில் பெரும்பாலும் பெட்டை, பொரிக்க இரண்டு மாதத்துக்கு மேல். 32.5ஐ ஒட்டி வைத்தால் பெரும்பாலும் ஆண், ஏறக்குறைய ஆறு வாரம்.

—

குஞ்சுத் தீனியை இப்போதே யோசியுங்கள். உறைபனியில் தபாலில் வரும் சின்ன கிரிக்கெட் பூச்சி பாதிக்குமேல் செத்தே வரும். முட்டை விழும் முன்பே வீட்டில் டூபியாக் கரப்பானோ மீல்வார்ம் புழுவோ பெருக்கி வையுங்கள். முதல் தோலை உரித்த பிறகுதான் குஞ்சு தின்னும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். செப்டம்பர் வரை முட்டையிட்ட பெட்டையை நவம்பருக்குத் தள்ளாதீர்கள். எலும்பிலிருந்த கால்சியம் வற்றினால் விரல் நடுங்கும், தாடை இளகும், முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். பருவம் மாற்ற நினைத்தால், அந்த ஆண்டின் வழக்கமான பருவத்தில் ஆணோடு சேர்க்காத பெட்டையைத் தேர்ந்தெடுங்கள். நான்கு ஈட்டுக்குப் பிறகு வால் மெலிந்தால் விளக்கு நேரத்தைக் குறைத்து நிறுத்திவிடுங்கள்.