சின்ன ஊர் கன்ட்ரி ரேடியோ அறிவிப்பாளர்கள்: யாரையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

கான்சஸ் காற்று

எட்டு வருடம் ஆகியும் மனதை உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். மேற்குக் கான்சஸில் எனக்குக் காற்றாலை வேலை. கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசை போடுகிற லோக்கல் ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். காலையில் மாட்டு விலை, கோதுமை விலை, மதியம் இறந்தவர்கள் பெயர், வெள்ளிக்கிழமை இரவு ஹைஸ்கூல் ஃபுட்பால் வர்ணனை. எல்லாம் ஒரே ஆள்.

மே மாதம் ஒரு சாயங்காலம் டொர்னேடோ எச்சரிக்கை. நான் வண்டியில் இருக்கிறேன், போனில் சிக்னல் இல்லை. மனிதர் பாட்டை நிறுத்திவிட்டு ரோடு ரோடாகச் சொல்ல ஆரம்பித்தார். "பழைய தானியக் கிடங்கைத் தாண்டி, வெள்ளைச் சர்ச்சுக்கு வடக்கே இருக்கிறவர்கள் இப்போதே பேஸ்மென்ட்டுக்குப் போங்கள்." அந்த வெள்ளைச் சர்ச் என் கண்ணெதிரே நிற்கிறது. வண்டியைத் தெற்கே திருப்பினேன், தப்பித்தேன். கதை அதுவல்ல.

நாலு நாள் கழித்து மளிகைக் கடையில் பில் போடும் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர், "காகிதப் பையே போதும்மா" என்றார். அதே குரல்! ஆறடி உயரம், பெரிய தொப்பி என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். இவர் குள்ளம். ரப்பர் செருப்பு. கூப்பன்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கூப்பனுக்குத் தேதி முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் சொல்ல, நாய்த் தீனி டின் ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். ஒன்றரை டாலர் இருக்கும். நான் வாயையும் திறக்கவில்லை, பர்ஸையும் திறக்கவில்லை.

லாரிக்காரன்

டொராண்டோ - டெக்சாஸ் ஓட்டம், பதினாறு வருடம். நான் யாழ்ப்பாணத்து ஆள். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்த காது இது, சும்மா யாரையும் ஏற்காது. இரவில் ஏ.எம். அலை வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். 650 என்ற ஸ்டேஷன், ஐம்பது கிலோவாட். ஒஹாயோ முழுக்க அதுதான் எனக்குத் துணை. 1925-இல் இருந்து சனிக்கிழமை இரவில் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி மேடைக் கச்சேரி நடத்துகிறவர்கள். ஆனால் அது பெரிய இடம். நான் சொல்ல வந்தது கென்டக்கியில் ஒரு சின்ன ஸ்டேஷன். சோளக் காட்டுக்குள் ஒரு கோபுரம், அதன் காலடியில் ஒரு சின்னக் கட்டடம்.

டயர் பார்க்க நிறுத்தினேன். வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். "நாலு நிமிஷப் பாட்டு போட்டிருக்கேன், உள்ளே வர்றியா?" என்று கேட்டார். உள்ளே போனால் அவரைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை. பாட்டு முடிந்ததும் மரண அறிவித்தல். எங்கள் இலங்கை வானொலியில் வாசித்த மாதிரியேதான்: பெயர், வயது, யாருடைய அம்மா, அடக்கம் எங்கே. மூன்றாவது பெயரில் நின்றுவிட்டார். இரண்டு விநாடி இருக்கும். மைக்கை அணைத்து, கையால் முகத்தைத் துடைத்து, மறுபடி போட்டு மிச்சத்தை வாசித்தார். உடனே அதே மூச்சில், சிரித்த குரலில், டிராக்டர் கடை விளம்பரம். வெளியே வரும்போது என்ன கதைப்பதென்று தெரியாமல், "வடிவாக வாசித்தீர்கள்" என்கிற மாதிரி எதையோ இங்கிலீஷில் உளறினேன். விளம்பரத்தைத்தான் பாராட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்.

பழைய ஆபரேட்டர்

கான்சஸ்காரர் அதிர்ஷ்டசாலி. அவருடைய ஆள் ஊரிலேயே இருந்தார். நிறையப் பேர் ரேடியோவில் "நம்ம ஊர் வெயிலைப் பாத்தீங்களா" என்று கேட்கிற ஆள் மூன்று மாநிலம் தள்ளி உட்கார்ந்திருப்பார். வாய்ஸ் டிராக்கிங். பாட்டுக்கு நடுவில் பேசுவதை மட்டும் பதிவு செய்து அனுப்பினால் கம்ப்யூட்டர் சொருகிக்கொள்ளும். ஐந்து மணி நேர நிகழ்ச்சிக்கு அரை மணி நேரப் பேச்சு. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தில், ஒரு கம்பெனி நாடு முழுக்க இத்தனை ஸ்டேஷன்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்தார்கள். 2017-இல் உள்ளூரில் ஸ்டூடியோ இருக்க வேண்டும் என்ற விதியையும் எஃப்.சி.சி., அதாவது ரேடியோவைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு ஆணையம், எடுத்துவிட்டது. மணிக்கு ஒருமுறை டபிள்யூ.எஸ்.எம். மாதிரியான ஸ்டேஷன் அடையாள எழுத்தையும் ஊர்ப் பெயரையும் சொல்லியே தீர வேண்டும், அது சட்டம். சொல்கிறவர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

என் கதை: மிசௌரியில் காலேஜ் படிக்கும்போது இரவு போர்டு ஆபரேட்டர் வேலை. பேஸ்பால் ஒலிபரப்புக்கு நடுவே லோக்கல் விளம்பரத்தைத் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் ஒரு பாட்டி கதவைத் தட்டினார். கையில் வீட்டில் சுட்ட பை (pie என்கிற இனிப்புப் பண்டம்), இன்னும் சூடாக. இரவு நிகழ்ச்சி அறிவிப்பாளருக்காம். கணவர் போனதிலிருந்து தூங்க முடியவில்லை, அந்த அறிவிப்பாளர் குரல்தான் துணை என்றார். அந்த ஆள் இருந்தது வேறு மாநிலம், வேறு பெயரில் வேறு ஊர்களுக்கும் பேசுகிறவர். நான், "இப்பதான் வெளியே போனார்" என்றேன். உள்ளே அவர் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போனார். முழுதையும் நானே தின்றேன்.

கான்சஸ் காற்று

அதிர்ஷ்டசாலி என்று சொன்னால் போதுமா? நான் எழுதியதே, ஊரில் இருந்த ஆளுக்கும் ஒரு நன்றி சொல்லவில்லை என்பதற்குத்தான்.

மாவு

சண்டை வேண்டாம். என் வீட்டுக்காரர் விசாவுக்காக நெப்ராஸ்காவில் மூன்று வருடம் டாக்டராக இருந்தார். அங்கே காலையில் ஒரு நிகழ்ச்சி, போன் போட்டுப் பழைய சாமானை விற்கலாம். ஊரைக் காலி செய்யும்போது கிரைண்டரை விற்கக் கூப்பிட்டேன். அறிவிப்பாளருக்கு என்ன பொருள் என்றே விளங்கவில்லை. "உள்ளே கல்லா இருக்கு? நிஜக் கல்லா?" என்று மூன்று தடவை கேட்டார். அரிசி அரைக்க என்றேன். "மக்களே, கருங்கல் வைத்த மில், ஐம்பது டாலர்" என்று அவர் பாட்டுக்கு அறிவித்துவிட்டார். மதியத்துக்குள் ஒரு விவசாயி பிக்கப்பில் வந்தார், கோழிகளுக்குச் சோளம் உடைக்க. தண்ணீர் விடாமல் ஓட்டக்கூடாது என்று சொன்னேனா இல்லையா, அதுதான் இன்னும் ஞாபகம் வரவில்லை.

ஓமஹா சித்தப்பா

ஆபரேட்டர் தம்பி சொல்வதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மைனாட், நார்த் டகோட்டா, 2002 ஜனவரி 18, நடு ராத்திரி தாண்டிய நேரம். ரயில் கவிழ்ந்து அம்மோனியா கசிந்தது. ஒருவர் இறந்தார். ஊரின் ஆறு வணிக ஸ்டேஷனும் ஒரே கம்பெனி கையில். ரேடியோவில் ஆளைப் பிடிக்க முடியவில்லை என்றது போலீஸ். எச்சரிக்கைக் கருவியை அவர்கள்தான் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றது கம்பெனி. யார் தப்போ, ஊருக்கு உடனே தகவல் போகவில்லை.

எனக்கு ஓர் அனுபவம்தான்: எங்கள் ஊர் அறிவிப்பாளர் ஒருமுறை என் பெயரைச் சரியாக உச்சரித்தார். அது கிடக்கட்டும்.

எல்லோரும் வெதர் ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசை, வானிலைத் துறையே இருபத்துநாலு மணி நேரமும் நடத்துகிறது. உங்கள் கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எண்ணைப் பதிய முடிகிற மாடலாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பக்கத்து கவுண்டி மழைக்கெல்லாம் எழுப்பிவிடும். பேட்டரி போடுகிற இடத்தில் பேட்டரி போடுங்கள், என் மருமகன் மாதிரி காலியாக விடாதீர்கள். படுக்கை அறையில் வையுங்கள், ஹாலில் அல்ல. கார் வாங்கும்போது ஏ.எம். இருக்கிறதா என்று கேளுங்கள், சில மின்சாரக் கார்களில் எடுத்துவிட்டார்கள். கையால் சுற்றுகிற ரேடியோவும் ஒன்று இருக்கட்டும்.

கான்சஸ் காற்று

சித்தப்பா, ரேடியோ இருந்தது. அதில்தான் கேட்டேன்.

மாவு

ஆபரேட்டர் தம்பி, அது என்ன பை?

பழைய ஆபரேட்டர்

ருபார்ப், ஒரு புளிப்புத் தண்டு. கண்ணாடித் தட்டில் கொடுத்திருந்தார். சர்ச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் செய்வதுபோல அடியில் டேப் ஒட்டி அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதியிருந்தார். நாலு வீடு மாறிவிட்டேன். தட்டு இங்கேதான் இருக்கிறது.