வீடு கட்டும்போது எந்தெந்த வேலையைத் தனியாகக் கொடுக்கலாம்?

மணப்பாறை_வீடு:

வணக்கம். மணப்பாறையில் 3 சென்ட் இடம் இருக்கிறது. கீழே 800, மேலே 550 என்று மொத்தம் 1,350 சதுர அடியில் வீடு கட்டப் போகிறோம். அப்ரூவல் வந்துவிட்டது, அடுத்த மாதம் பூமி பூஜை. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், மாதம் இரண்டு தடவைதான் ஊருக்குப் போக முடியும். அப்பா ஊரிலேயே இருக்கிறார், 68 வயது. தினமும் காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வருவார், ஆனால் சாரத்தில் ஏறிப் பாருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வராது.

பேசி வைத்திருக்கும் காண்ட்ராக்டர் மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,300 கேட்கிறார். அவர் கட்டிய இரண்டு வீடுகளை நேரில் பார்த்தோம். சுவர், பூச்சு, படிக்கட்டு எல்லாம் நன்றாக இருந்தது. வயரிங்கும் பெயிண்டும்தான் மனசுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வீட்டில் கீசருக்கு லைட்டுக்குப் போடும் மெல்லிய வயரையே இழுத்திருந்தார்களாம், வீட்டுக்காரரே சொன்னார்.

மாமா, "எல்லாத்தையும் பிரிச்சுக் கொடு, ரெண்டு லட்சம் மிச்சமாகும்" என்கிறார். காண்ட்ராக்டரும் மறுக்கவில்லை. எலக்ட்ரிக்கல், பிளம்பிங், டைல்ஸ், மரவேலை, பெயிண்ட் எதை எடுத்தாலும் ரேட்டில் கழித்துத் தருகிறேன் என்கிறார். பெயிண்டுக்கு மட்டும் சதுர அடிக்கு 100 ரூபாய் கழிப்பாராம். எதைப் பிரிக்கலாம், எதைத் தொடவே கூடாது? கட்டி முடித்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

தம்பி, நான் 2019-ல் தஞ்சாவூரில் கட்டினேன். உங்கள் மாமா சொல்கிற மாதிரியே ஆறு பேரிடம் பிரித்துக் கொடுத்தேன். பணம் மிச்சமானது உண்மைதான், அது எங்கே போனது என்பதையும் கேளுங்கள்.

குடியேறி எட்டாவது மாதம் மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே ஹால் சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. முதலில் பெயிண்ட் உப்பியது, அப்புறம் பட்டி உதிர்ந்து சோபாவில் விழ ஆரம்பித்தது. பிளம்பரைக் கூப்பிட்டால் லைனில் பிரஷர் ஏற்றிக் காட்டுகிறார், மீட்டர் முள் இம்மியும் இறங்கவில்லை. "என் பைப் சுத்தம் சார், டைல்ஸ் ஜாயின்டைப் பாருங்க." டைல்ஸ்காரரைக் கேட்டால், "டைல் தண்ணியைத் தடுக்காது சார், அடியில வாட்டர் புரூஃப் பண்ணினவரைக் கேளுங்க." மேஸ்திரியைக் கேட்டால், "நான் கெமிக்கல் அடிச்சுக் கொடுத்தப்புறம் பிளம்பர்தான் ட்ராப் வைக்கக் கொத்தினார்." மூன்று பேர் சொன்னதும் அவரவர் அளவில் சரிதான், யாரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது.

கடைசியில் தரையை உடைத்தோம். நானி ட்ராப்பை, அதாவது தரைத் தண்ணீர் வடிகிற வாயில் வைக்கும் கிண்ணத்தைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி, அதற்குள் செங்கல் துண்டும் மணலும் மட்டும். அதை அடைப்பது பிளம்பர் வேலையா, கொத்தனார் வேலையா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எனக்கு 38,000 செலவு. அதே டைலும் கிடைக்கவில்லை.

அதனால் பாத்ரூமைப் பிரிக்காதீர்கள். பிளம்பிங், வாட்டர் புரூஃபிங், டைல்ஸ் மூன்றும் ஒரே கையில் இருக்கட்டும். டைலைக் கடையில் நீங்களே பார்த்து வாங்குங்கள், ஒட்டுவது அவர் ஆளாக இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன்னால் வடிகாலை அடைத்துவிட்டுத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்து, கீழே போய் சீலிங்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். இதை அப்பாவாலேயே பார்க்க முடியும், ஏற வேண்டியதில்லை.

தூக்குக்குண்டு:

14 வருடமாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். மேலே அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்விதான் கேட்பேன்: நாளைக்கு ஒரு குறை வந்தால் அது யாருடையது என்று பார்த்த உடனே சொல்ல முடியுமா? முடியும் என்றால் பிரிக்கலாம். சுவருக்குள்ளேயோ தரைக்கு அடியிலேயோ இரண்டு பேர் வேலை ஒன்றின்மேல் ஒன்று மூடிக்கொள்கிறது என்றால் வேண்டாம்.

அஸ்திவாரத்திலிருந்து பூச்சு வரை ஒருவரிடமே இருக்கட்டும். கம்பி கட்டுவது, சென்ட்ரிங் அடிப்பது, கான்கிரீட் போடுவது இவற்றைத் தனித்தனியாகக் கொடுத்தால், ரூஃபில் ஒரு விரிசல் வந்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது. வரைபடமும் கம்பி டீடெயிலும் மட்டும் காண்ட்ராக்டர் கொடுப்பதாக இருக்கக் கூடாது, அதைத் தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வாங்குங்கள். அந்தச் செலவில் கை இறுக்காதீர்கள்.

எலக்ட்ரிக்கலைத் தாராளமாகப் பிரிக்கலாம். லைசென்ஸ் உள்ள ஆளாகப் பிடியுங்கள், வயரும் ஸ்விட்சும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் வயர் (ஸ்கொயர் என்றால் சதுர மில்லிமீட்டர், வயரின் தடிமனைச் சொல்வது), ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), இவ்வளவும் கொட்டேஷனிலேயே எழுதியிருக்கட்டும். ஆனால் இதில் சிக்கல் வருகிற நாள் ஒன்று உண்டு, அது ரூஃப் கான்கிரீட் நாள். கம்பி கட்டி முடிப்பதற்கும் கான்கிரீட் கொட்டுவதற்கும் நடுவில்தான் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைக்க முடியும், சில சமயம் ஒரே ஒரு சாயங்காலம்தான் கிடைக்கும். மிக்சர் மெஷினும் ஆட்களும் விடியற்காலையில் வந்து நிற்பார்கள், உங்கள் எலக்ட்ரீஷியனோ வேறு சைட்டில் இருப்பார். அதனால் மூன்று நாள் முன்பே தேதி சொல்ல வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் எழுதி வாங்குங்கள். கொட்டும்போது எலக்ட்ரீஷியனின் ஆள் ஒருவர் மேலே நிற்கட்டும். யாராவது மிதித்துப் பைப் பிட்டுக்கொண்டால் அப்போதே மாற்றினால்தான் உண்டு. அப்புறம் சுவரில் காடி எடுப்பது எலக்ட்ரீஷியன், ஆனால் அதைக் கலவை வைத்து மூடி கோழிவலை அடிப்பது யார்? இதையும் எழுதுங்கள். வலை இல்லாவிட்டால் பைப் போன வழியிலேயே பூச்சில் கோடு விழும்.

பெயிண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காண்ட்ராக்டர் கழிக்கிற 100 ரூபாய் கட்டிடப் பரப்புக்கு, அதாவது 1,35,000. பெயிண்டர் 28 ரூபாய் என்று சொன்னால் அந்த ரேட் சுவரின் பரப்புக்கு. உள்சுவரும் சீலிங்கும் மட்டுமே தளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வரும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்து 28 ரூபாய் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். வெளிச்சுவருக்குச் சாரம் வேண்டும், பூச்சு முடிந்ததும் காண்ட்ராக்டர் அதை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்.

சிறுவாணி:

கோவையில் போன வருடம் கட்டினோம். கணவர் வெளிநாட்டில், சைட் முழுக்க நான்தான் பார்த்தேன். பெயிண்டைத் தனியாகக் கொடுத்ததில் எனக்குக் குறையே இல்லை, அவசரப்படுத்தாமல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி போட வைத்தேன். யுபிவிசி ஜன்னலும் மாடுலர் கிச்சனும் அப்படித்தான், பூச்சு முடிந்த பிறகு அவர்களே வந்து அளவெடுத்துச் செய்கிறார்கள், யாரோடும் இடிக்காது.

கதவு நிலைதான் எங்களைப் படுத்தியது. வாசல் நிலையையும் ரூம் நிலைகளையும் தெரிந்த ஆசாரியிடம் தனியாகக் கொடுத்தோம். மரம் அருமையான மரம், வேலையும் சுத்தம். ஆனால் சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் தாமதம். நிலை நிற்காமல் சுவர் ஏற்ற முடியாதென்று கொத்தனார்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள், திரும்பி வர ஒரு மாதம் ஆனது. அந்த மாத வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டுமல்லவா? பூமி பூஜை அன்றே நிலைக்கு அட்வான்ஸ் கொடுத்து, பேஸ்மெண்ட் முடிவதற்குள் செய்து வாங்கி வைத்துவிட முடியும் என்றால் பிரியுங்கள் அண்ணா, இல்லாவிட்டால் வேண்டாம். கதவுப் பலகையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அப்பாவை மட்டும் நம்பி ஐந்து பேரை வைக்காதீர்கள். வேலை கடினம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒருவர் வரவில்லை என்றால் போன் போட்டுக் கெஞ்சுவதும் கோபப்படுவதும் தினமும் இருக்கும், 68 வயதில் அது அவருக்கு வேண்டாம்.

மணப்பாறை_வீடு:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து பேசினேன். எலக்ட்ரிக்கல் மட்டும் முழுசாகத் தனி. பாத்ரூம், பிளம்பிங், டைல்ஸ், நிலை எல்லாம் காண்ட்ராக்டரிடமே. பெயிண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், உள்ளே மட்டும் 4,500 சதுர அடி, 28 ரூபாய் என்றால் 1,26,000. வெளிச்சுவரையும் சேர்த்தால் கழிவுத் தொகையைத் தாண்டி கையிலிருந்துதான் போட வேண்டும். அதனால் வெளிச்சுவரைச் சாரம் இருக்கும்போதே அவரே அடித்துவிடட்டும், உள்ளே மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்கு எவ்வளவு கழிப்பார் என்று ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன்.

காவிரிக்கரை அண்ணா, நானி ட்ராப் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நான்கு பாத்ரூமிலும் சுற்றி அடைத்ததும், டைல் ஒட்டுவதற்கு முன்னால், போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றார். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.