குளத்து நீரில் நுண்ணுயிர்களைப் பார்ப்பது: வீட்டு நுணுக்குக்காட்டி பற்றிய ஒரு கேள்வி

கேள்வி: குளக்கட்டு

அனைவருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மாலையில் அயற்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக 40, 100, 400 மடங்கு பெருக்கும் கூட்டு நுணுக்குக்காட்டி ஒன்றை வாங்கியுள்ளேன். அதன் அடியில் மின்விளக்கு இல்லை. வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடியே உள்ளது.

முத்தையன்கட்டுக் குளத்தின் நடுவிலிருந்து மீன்பிடிக்கும் ஒருவர் எடுத்துத் தந்த தெளிந்த நீரில், சில பச்சைத் துணுக்குகளைத் தவிர எதுவும் தெரிவதில்லை. ஆனால் ஆவணி வெயிலில் வற்றி, மூலையில் மட்டும் கொஞ்சம் நீர் தேங்கியிருக்கும் எங்கள் ஊர்ச் சிறுகுளத்தில் தாமரைத் தண்டை வழித்து எடுத்த நீரில் உயிர்கள் நிறைந்திருக்கின்றன. அவையோ 400 மடங்கில் கண்ணுக்குப் பிடிபடுமுன்னரே ஓடி மறைந்துவிடுகின்றன. ஒன்று மட்டும் ஓரிடத்தில் நின்றது. அதன் தலையில் இரண்டு சில்லுகள் இடைவிடாமல் சுழன்றன. உடலுக்குள் ஏதோ ஒன்று அரைத்துக்கொண்டேயிருந்தது. பின்பு சில்லுகளை உள்ளே இழுத்துக்கொண்டு அட்டையைப் போல நீண்டும் குறுகியும் நடந்து போயிற்று. பிள்ளைகள் அதற்குச் சில்லுப்பூச்சி என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது என்ன உயிர்? ஓடுபவற்றை நிறுத்திப் பார்க்க வழியுண்டா?

மறுமொழி: பாலைநிழல்

வணக்கம், ஆசிரியரே. நடுக்குளத்து நீரிலும் உயிர்கள் உண்டு. அவை பரந்து கிடப்பதால் ஒரு துளிக்குள் அகப்படுவது அரிது. பெரும்பாலானவை பற்றிக்கொள்ள ஓர் இடமும், மேய்வதற்குப் பாசியும் பற்றீரியாவும் உள்ள கரையோரத்தையே நாடும். வேலம்பாசியில் ஒரு பிடியை அள்ளி, நீரை வடியவிடாமல் போத்தலுக்குள் பிழியுங்கள். ஆம்பல் இலையின் அடிப்புறத்தை வழித்தெடுத்தாலும், நீரில் மிதக்கும் களையான சல்வீனியாவின் அடியில் வேர்போலத் தொங்கும் பகுதியை அலசினாலும் நல்ல பலன் கிடைக்கும். போத்தலை இறுக மூடி வெயிலில் கொண்டுவந்தால் நீர் சூடேறி, ஒட்சிசன் குறைந்து, வீடு சேருமுன்னரே பல இறந்துவிடும். ஆகவே பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வந்தவுடன் மூடியைத் திறந்து நிழலில் வையுங்கள்.

ஓட்டத்தைப் பற்றி: இத்தகைய கருவிகளில் 40 மடங்கில் ஏறக்குறைய நாலரை மில்லிமீற்றர் அகலமான வட்டம் தெரியும், 400 மடங்கிலோ அது அரை மில்லிமீற்றருக்கும் குறைந்துவிடும். ஒருகல உயிரான பரமீசியம் நொடிக்கு ஒரு மில்லிமீற்றர் அளவு நீந்தக்கூடியதாகையால், நீங்கள் பார்க்கும் வட்டத்தை அரை நொடியில் கடந்துவிடும். எனவே எப்போதும் 40 மடங்கில் தேடி, பாசிக்குள் மேய்ந்துகொண்டு ஆறுதலாக நிற்கும் ஒன்றைத் தெரிந்தெடுத்த பின்னரே பெருக்கத்தைக் கூட்டுங்கள். வழுக்கியில், அதாவது துளியை வைக்கும் கண்ணாடித் தகட்டில், துளியை இடுமுன் பஞ்சின் சில இழைகளைப் பிரித்துப் பரப்பினால், அவற்றுக்கிடையே உயிர்கள் சிறைப்பட்டு ஓரிடத்திலேயே சுற்றும். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியின் ஓரத்தில் கடதாசி முனையை வைத்து நீரைச் சிறிது உறிஞ்சுவதும் ஒரு வழி. ஆனால் கூடுதலாக உறிஞ்சினால் உயிர் நசுங்கிவிடும். நம் வெப்பத்தில் துளி விரைவில் காய்வதால், ஓரத்தில் அவ்வப்போது ஒரு சொட்டு நீரும் விட வேண்டும்.

இன்னொன்று, வெளிச்சம். இவற்றின் உடல் கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவது. ஒளியைக் கூட்டக் கூட்ட உருவம் கரைந்துபோகும். மேடைக்குக் கீழுள்ள துளையைச் சிறிதாக்கிப் பாருங்கள், உடலில் உள்ள மயிர்போன்ற பிசிர்கள் அசைவதுகூடத் தெரியவரும். அப்படி ஒரு பரமீசியம் அகப்பட்டால், அதன் இரு முனைகளுக்கும் அருகே ஒவ்வொரு வட்டம் மெல்ல நிறைந்து, சட்டென்று வெறுமையாகி, மீண்டும் நிறைவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உடலுக்குள் ஓயாமல் புகும் நீரை வெளியேற்றும் சுருங்கும் புன்வெற்றிடங்கள் அவை. பாடநூற் படத்தில் அசையாமல் கிடக்கும் அவ்வட்டம் உயிரோடு வேலை செய்வதைக் கண்ட பிள்ளை அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மறுமொழி: நீர்த்தும்பி

நீங்கள் கண்டது ரொட்டிபர். அட்டைபோல நடப்பதையும் தலையில் இரட்டைச் சில்லு இருப்பதையும் வைத்துப் பார்த்தால், அது பிடெலொயிட் என்ற பிரிவைச் சேர்ந்தது. உண்மையில் அங்கே எதுவும் சுழல்வதில்லை. தலையின் விளிம்பில் உள்ள பிசிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க, அந்த அலை வட்டமாக ஓடுவதால் சில்லு உருள்வதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. அதனால் எழும் நீரோட்டம் பற்றீரியாவையும் நுண்பாசியையும் வாய்க்குள் இழுத்துவரும். உள்ளே அரைத்துக்கொண்டிருந்தது அதன் தாடை. பரமீசியம் ஒரே கலத்தாலானது. ரொட்டிபரோ பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்குட்பட்ட உடலுக்குள் தாடை, குடல், நரம்பு, தசை யாவும் கொண்ட பலகல விலங்கு. பிடெலொயிட்டுகளில் ஆண் இதுவரை காணப்படவில்லை. பெண்கள் மட்டுமே இட்ட முட்டைகளிலிருந்து பெண்களே பிறந்து வருகின்றன.

மறுமொழி: வாய்க்காற்கரை

பிள்ளைகளோடு செய்வதால் சில எச்சரிக்கைகள். குளங்களில் முதலைகள் உள்ளன. நீர் வற்றும் காலத்தில் அவை மிஞ்சிய மடுக்களில் ஒதுங்கும். நீருக்குள் இறங்காமல், தடியில் கட்டிய போத்தலால் பெரியவர் ஒருவர் எடுத்துக் கொடுப்பதே நல்லது. எலிக்காய்ச்சல் காயங்களின் வழியாகத் தொற்றக்கூடியது. கையில் கீறல் உள்ள பிள்ளை நீரைத் தொட வேண்டாம், மற்றவர்களும் முடிந்தபின் சவர்க்காரமிட்டுக் கழுவட்டும். கருவியின் கண்ணாடியை ஒருபோதும் நேரே சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள், கண் பழுதாகிவிடும். வெண்முகிலோ வெள்ளைச் சுவரோ தரும் வெளிச்சம் போதும்.

கேள்வி கேட்டவர்: குளக்கட்டு

மிக்க நன்றி. பஞ்சிழை அருமையாகப் பயன்பட்டது. ஆனால் சிறுகுளம் இன்னும் சில நாட்களில் முற்றாக வற்றிவிடும். மாரி மழை வரும்வரை நிறுத்திவைக்க வேண்டியதுதானா?

மறுமொழி: நீர்த்தும்பி

நிறுத்த வேண்டாம், வன்னிக் குளங்களில் பார்க்கத்தக்க மிகச் சிறந்த காட்சி இனித்தான் இருக்கிறது. வெடித்துக் காய்ந்த குளத்து மண்ணில் மேற்படையாக ஒரு கைப்பிடியைச் சுரண்டி, அகன்ற பாத்திரத்தில் இட்டு, சேமித்த மழைநீரை ஊற்றி நிழலில் வையுங்கள். குழாய்நீரில் குளோரின் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிருங்கள்.

நீர் வற்றும்போது பிடெலொயிட் தலையையும் காலையும் உள்ளே இழுத்துச் சுருண்டு, உடல் நீரை ஏறக்குறைய முழுவதும் இழந்து, உயிர்த்தொழில்களை நிறுத்திவிடுகிறது. நீர் பட்டதும் சில மணித்தியாலங்களில் பலவும் விரிந்து நடக்கத் தொடங்கும். இதை முதலில் எழுதிவைத்தவர் டெல்ஃப் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக். 1702இல் அவர் கூரைப் பீலியில் காய்ந்து கிடந்த வண்டலில் நீரூற்றி, அதிலிருந்து உயிர்கள் எழுந்து நீந்தியதைக் கண்டு கடிதம் எழுதினார். சைபீரியாவின் உறைநிலத்தில் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் உறைந்திருந்த பிடெலொயிட் உயிர்பெற்று இனம்பெருக்கியதாக 2021இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

நீர்த்தெள்ளு எனப்படும் டப்னியா போன்றவை வேறு வழியில் தப்புகின்றன: தாய் இறந்துவிடும், ஆனால் தடித்த உறைக்குள் இட்ட முட்டைகள் மண்ணில் கிடந்து மழைக்குக் காத்திருக்கும். ஆகவே உங்கள் பாத்திரத்தில் முதலில் ஒருகல உயிர்களும் ரொட்டிபர்களும் தோன்றும்; முட்டையிலிருந்து வெளிவருபவை சில நாட்கள் பிந்தித்தான் கண்ணுக்குத் தெரியும். நாளுக்கொரு துளி எடுத்து, அன்றன்று கண்டதைப் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். பள்ளிக்கூடக் கூரையில் பீலி இருந்தால், அதன் வண்டலையும் வேறொரு பாத்திரத்தில் இட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.