தாத்தாவின் மைலோ டின்னில் துரையின் பதக்கங்கள்

சிப்புட் பேரன்:
தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் பழைய மைலோ டின்னில் மூன்று பதக்கங்கள் கிடைத்தன. தாத்தா, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரர். துரை முன்னாள் பட்டாளத்துக்காரர். சீமைக்குத் திரும்பும்போது கொடுத்தாராம். இரண்டு ஆறுமுனை நட்சத்திரங்கள், ஒன்றில் பர்மா என்று இருக்கிறது. மூன்றாவது வெள்ளி வட்டம். ஊதா நாடா, நடுவே பச்சைக் கோடு. துரை பெயரை உறுதிப்படுத்த வழி உண்டா?

ஈப்போ அண்ணன்:
வட்டத்தைப் பாருங்க தம்பி. அது பொதுச் சேவைப் பதக்கம். நாடாவில் குறுக்கே 'மலாயா' என்ற பட்டை இருந்தால் மலாயா அவசரகாலத்துக்கு, அதாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த சண்டைக்குக் கொடுத்தது. கணக்கு 1948 ஜூன் 16 முதல். உங்கள் ஊர்த் தேதிதான்! அன்றுதான் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று துரைமாரைச் சுட்டுக் கொன்றார்கள். பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் பொறித்திருக்கும். நட்சத்திரங்களில் தேட வேண்டாம். உலகப்போர் நட்சத்திரங்களை பிரிட்டிஷ் ராணுவம் பெயர் போடாமலே கொடுத்தது.

தைப்பிங் அக்கா:
புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒன்றின் எழுத்தே மழுங்கிப் போனது.

சிப்புட் பேரன்:
அக்கா, அம்மா நேற்றே ஒரு நட்சத்திரத்தைப் பளபளவென்று ஆக்கிவிட்டார். நல்லவேளை, வட்டம் தப்பியது. பட்டையில் மலாயாதான். விளிம்பில் சார்ஜென்ட் என்று தெரிகிறது. ஆனால் பெயர், தாத்தா சொன்ன துரையின் பெயரே இல்லை அண்ணே.