புதுப்பிப்பு: மோரா கத்திக்குத் தோல் உறை கிடைத்துவிட்டது

போன மாதம், மோரா என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் கார்பன் ஸ்டீல் கத்தியோடு வந்த பிளாஸ்டிக் உறை உடைந்துவிட்டது, தோல் உறை செய்தால் எந்தத் தோல் நல்லது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

குரோம் தோல் (குரோமியம் உப்பில் பதனிட்டது) வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. அதிலுள்ள உப்புகள் ஈரம் பட்டால் கார்பன் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், தோலும் தொளதொளவென்று இருப்பதால் அச்சுப் பிடிக்காது. அதனால் எடுத்தது மரப்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல், 3 மி.மீ. கனம். தைத்துக் கொடுத்த தோல் கைவினைஞர் உறையை நனைத்து, கத்தியை பாலித்தீனில் சுற்றி உள்ளே செருகி, விரலால் அழுத்தி அழுத்தி வடிவம் எடுத்து ஒருநாள் நிழலில் காயவிட்டார். இப்போது கவிழ்த்து உலுக்கினாலும் கத்தி விழவில்லை.

நீங்களும் செய்யக் கொடுத்தால், கத்தியின் வெட்டு விளிம்புப் பக்கம் இரண்டு தோலுக்கும் நடுவில் இன்னொரு தோல் பட்டை வைக்கச் சொல்லுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் கத்தி நூலையே அறுத்துவிடும். தையல் ஒரே நூலில் இரண்டு ஊசி கோத்த கைத்தையல். ஒரு இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் பிரியாது.

அப்புறம், கத்தியை மாதக்கணக்கில் தோல் உறைக்குள்ளேயே வைக்க வேண்டாம். நான் எண்ணெய் தடவித் தனியாகத்தான் வைக்கிறேன்.