ஜூலையில பார்டர் (நீளமாப் போட்ட பூப்பாத்தி) காலியாயிடுதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மண்வெட்டி, ஹாரோ:

இங்கிலாந்துல பார்டர் வெச்சிருக்கிற எல்லாருக்கும் இந்தத் தொந்தரவு தெரியும். மே கடைசியிலயும் ஜூன்லயும் பியோனி, ஐரிஸ், ஓரியண்டல் பாப்பி, டெல்ஃபினியம், ரோஜான்னு எல்லாம் ஒண்ணா பூத்துத் தள்ளும், ஜூலை ரெண்டாவது வாரம் வந்துச்சுன்னா பச்சைத் தழையும் காஞ்ச தண்டும்தான் மிச்சம், அப்புறம் டேலியாவும் ஆஸ்டரும் கிளம்பி வர்றதுக்குள்ள ஆகஸ்ட் பாதி ஓடிடும். நமக்கு ஆடி பிறக்கிறதே அந்த ஜூலை நடுவுலதான். ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குக் கடைப் பூவை பிளாஸ்டிக் உறையில இருந்து உருவி வைக்க எனக்கு மனசே வராது, அதனாலதான் இந்த அஞ்சாறு வாரத்துக்கு இவ்வளவு மெனக்கெடுறேன்.

இந்தக் காலி இடம் பாதி கார்டன் சென்டர்ல இருந்துதான் வருது. ஏப்ரல் மேல வெயில் எட்டிப் பாத்த உடனே எல்லாரும் வண்டியை எடுத்துகிட்டுப் போறோம், அன்னைக்கு எது பூத்து நிக்குதோ அதை அள்ளிட்டு வர்றோம், அப்ப வீடு பூரா மே மாசத்துச் செடியாத்தானே சேரும்? ஜூலைல பூ வேணும்னா ஜூலைலயே போய் எது பூத்திருக்குன்னு பாத்து வாங்கணும். அந்த வெயில்ல செடி நடக்கூடாதும்பாங்க, வாஸ்தவம்தான், தொட்டியோட நிழல்ல வெச்சுத் தண்ணி ஊத்திட்டிருங்க, செப்டம்பர் கடைசில மண்ணு இன்னும் சூடா இருக்கும்போது நட்டா நல்லா வேர் பிடிச்சுக்கும்.

ஓரியண்டல் பாப்பியை எடுத்துக்கோங்க. பூ உதிர்ந்த கையோட இலையெல்லாம் மஞ்சளாகி, சொரசொரன்னு இருக்கிற தண்டு பக்கத்துச் செடி மேல சாஞ்சு கிடக்கும், வெட்டி எடுத்தா அந்த இடத்துல ஒரு ஆள் சம்மணம் போட்டு உக்காரலாம். சர்ரேல மன்ஸ்டெட் வுட்டுல தோட்டம் போட்ட கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மா (1843-1932) இதுக்கு அப்பவே வழி பண்ணி வெச்சுட்டாங்க, பாப்பிக்குப் பின்னாடி ஜிப்சோஃபிலா நட்டுருவாங்க, பாப்பி அடங்கற நேரம் பாத்து அது பொங்கி வந்து மொத்த இடத்தையும் மூடிடும். ஹாரோ களிமண்ணுல ஜிப்சோஃபிலா சரிப்படாது, தண்ணி வடியற மண்ணு கேக்கும் அது. அதனால நான் பெர்சிகாரியா ஆம்ப்ளெக்ஸிகாலிஸ் வெச்சிருக்கேன், களிமண்ணு ஈரம்னா அதுக்குக் கொண்டாட்டம், ஜூலைல செவப்புக் கதிர் விட ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் விடும். செடி வாங்கும்போது பூவை மட்டும் பாக்காம, எப்ப எழுந்திரிக்கும் எப்ப அடங்கும்னு கேட்டு வாங்குங்க, சீக்கிரம் அடங்கறது பக்கத்துல லேட்டா எழுந்திரிக்கிறது ஒண்ணு கண்டிப்பா இருக்கணும். இது ஒண்ணைப் பிடிச்சுகிட்டா போதும்ங்கிறது என் அபிப்பிராயம்.

எதிர் வீட்டுல ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எண்பதைத் தாண்டினவங்க, அவங்கதான் எனக்கு ஃப்ளாக்ஸ் குடுத்தாங்க. தூரைத் தோண்டி எடுத்து, மண்ணு கிளர்ற ஃபோர்க் ரெண்டை முதுகோட முதுகு சேத்துக் குத்தி, கைப்பிடி ரெண்டையும் விலக்கினாங்க பாருங்க, வேர் கிழியற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. நடுவுல கட்டையாப் போன பாகத்தை கம்போஸ்ட்டுல வீசிட்டு ஓரத்துல இளசா இருந்ததை மட்டும் எங்கிட்ட நீட்டினாங்க. அடியில ஈரம் காயவிடாதே, காஞ்சா இலையில வெள்ளையா மாவு பூத்துடும்னு சொன்னாங்க, நானும் வருஷா வருஷம் மார்ச்ல கம்போஸ்ட்டைக் கனமாப் போட்டு மூடிடறேன். வெள்ளை வேணும்னா ‘டேவிட்’னு ஒரு ரகம் இருக்கு, அந்த மாவு நோய் அதுக்குக் கம்மி. சாயந்தரம் ஆச்சுன்னா வாசம் தூக்கும், மல்லி வெளியில வளராத ஊர்ல அம்மனுக்கு வைக்க அதைவிட நல்ல பூ எனக்குத் தெரியலை.

ஜெரேனியம் ‘ரோஸான்’ பத்தியும் சொல்லியாகணும். சாமர்செட்ல ஒரு வீட்டுத் தோட்டத்துல கிடைச்சது, 2013 செல்சீ ஷோல (லண்டன்ல நடக்கிற பெரிய மலர்க் கண்காட்சி) நூற்றாண்டின் செடின்னு மக்கள் ஓட்டுப் போட்டு எடுத்தாங்க. விதை கட்டாது, அதனாலயே ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் விடாம பூக்கும், ஊதாவும் நீலமும் கலந்து நடுவுல வெள்ளை. 2022 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, லிங்கன்ஷயர் கோனிங்ஸ்பியில 40.3 டிகிரி போச்சே, அன்னைக்கு என் ஃப்ளாக்ஸ் எல்லாம் தலை தொங்கிடுச்சு, இது கொஞ்சம் வாடி ராத்திரிக்கு நிமிந்துடுச்சு.

பனங்கிழங்கு, ரூட்டிங்:

அக்கா, நீங்க சொன்ன ஆடிக் கதை எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான், அம்மா விடியவே கத்திரிக்கோலோட இறங்கிடுவா. எங்கட வளவில யூலையைக் காப்பாத்துறது குரொக்கோஸ்மியா ‘லூசிஃபர்’ தான், சரியான சிவப்பு, மற்ற குரொக்கோஸ்மியா எல்லாத்துக்கும் முன்னம் பூக்கும். இலையும் வாள் மாதிரி நிமிர்ந்து நிக்கிறதால பூ இல்லாத நேரமும் வடிவுதான். மூண்டு நாலு வருஷத்துக்கு ஒருக்கா கிண்டிப் பாருங்கோ, புதுக் கிழங்கு பழசுக்கு மேல ஏறி ஏறி ஒரு சங்கிலியா கிடக்கும், அப்பிடி நெருங்கினா பூ குறைஞ்சு போடும், பிரிச்சு நாலு அங்குல ஆழத்தில நடவேணும்.

எக்கினேசியாவைப் பற்றி ஒருத்தரும் உண்மை சொல்றேல்ல. கடையில பாக்க ஆசையா இருக்கும், வாங்கி வந்து லண்டன் களிமண்ணில வச்சால் மாரியில ஈரத்தில அழுகும், தப்பினதை ஏப்ரலில ஸ்லக் (ஓடில்லாத நத்தை) திண்டு முடிச்சிடும். நான் ராவில ரோச் லைற் அடிச்சுப் பாத்தனான், ஒரு குருத்தில மூண்டு ஸ்லக் ஒட்டிக்கொண்டு இருந்தது. மேட்டுப் பாத்தி, பொடிக்கல் மண் உள்ள ஆக்கள் வையுங்கோ, மற்றாக்களுக்கு ஹெலீனியம் நல்லம். ‘சாஹின்ஸ் ஏர்லி ஃப்ளவரர்’ எண்டு கேட்டு வாங்குங்கோ, யூலையிலயே செம்மஞ்சளாத் துவங்கும், வாடின பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் ஒக்டோபர் மட்டும் நிக்கும்.

ஃப்ளாக்ஸுக்கும் ஹெலீனியத்துக்கும் மே கடைசியில செல்சீ ஷோ நடக்கிற கிழமை முன்பக்கத்துத் தண்டுகளை மட்டும் மூண்டில ஒரு பங்கு வெட்டிவிடுறனான். பின்பக்கம் நேரத்துக்குப் பூக்கும், வெட்டினது பிந்திப் பூக்கும், ஒரே செடியில ரெண்டு தவணை. நெபீட்டா, ஜெரேனியத்தை முதல் பூ முடிஞ்ச உடன நிலத்தோட வெட்டி ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்கோ, பயப்படாதேங்கோ, கொஞ்ச நாளில புது இலை அடர்த்தியா வந்திடும், ஓகஸ்டில திரும்பப் பூக்கும்.

தோட்டத்துத்தம்பி, எடின்பரோ:

அக்கா, இங்க ஸ்காட்லாந்துல கதையே வேறைங்க. உங்களுக்கு மே கடைசில வர்றது எங்களுக்கு ஜூன் பாதி தாண்டித்தான் வருதுங்க, பாப்பி ஜூலைல கூட நிக்கும், எங்களுக்குக் காலி விழறது ஆகஸ்ட் முதல் வாரத்துலதானுங்க. அதனால நான் செல்சீ ஷோ கணக்குல வெட்டறதே இல்லைங்க, இங்க வெட்டினா பனி வர்றதுக்குள்ள பூக்காமலே போயிருமுங்க. லண்டன்ல இருக்கறவங்க எழுதற தேதியை அப்படியே எடுத்துக்காதீங்கன்னு வடக்கே இருக்கறவங்களுக்கு நான் சொல்லுவனுங்க.

இன்வர்லீத்ல இருக்கற ராயல் பொட்டானிக் கார்டனுக்கு ஜூலைல ஒருக்கா போயிட்டு வாங்க, உள்ள போறதுக்குக் காசு இல்லைங்க. பின்னாடி நூறு வருஷத்துக்கு மேல பழசான பீச் மர வேலி செவுரு மாதிரி நிக்கும், அதுக்கு முன்னாடி நீளமா ஒரு பார்டர், எந்தச் செடி எந்த மாசம் எத்தனை ஒசரம்னு கண்ணால பாத்துக்கலாமுங்க, பேர்ப்பலகையும் இருக்கும். நான் ஃபோன்ல தேதியோட படம் எடுத்து வெச்சுத்தான் செடி வாங்கறது. வெரோனிகாஸ்ட்ரம்ங்கற செடியை அங்க பாத்துத்தானுங்க பிடிச்சேன், ஆளுயரத்துக்கு வளந்தும் முட்டுக் குடுக்காம நிக்குது, எங்க காத்துக்கே நிக்குதுன்னா பாத்துக்கோங்களே. வண்டு தேனீ எல்லாம் அதுலயேதான் கிடக்குதுங்க.

மண்வெட்டி, ஹாரோ:

தம்பி, தேதி விஷயம் நீங்க சொன்னது ரொம்ப முக்கியம், நான் எழுதினது எல்லாம் தென் இங்கிலாந்துக் கணக்குதான். பனங்கிழங்கு, உங்க லூசிஃபர் கிழங்கு பிரிக்கும்போது ரெண்டு எடுத்து வைங்க, பதிலுக்கு ஃப்ளாக்ஸ் தரேன். அக்டோபர்ல தூரைப் பிரிக்கப் போறேன், பெர்சிகாரியாவும் நிறைய வரும், பக்கத்துல இருக்கிறவங்க யாரா இருந்தாலும் ஒரு பையும் பழைய பேப்பரும் எடுத்துகிட்டு வாங்க, வேர் காயாம சுத்திக் குடுக்கிறேன். வெள்ளை அகபாந்தஸ் நிலத்துல விட்டு மாரிக்காலம் தாண்டினவங்க இருந்தா எப்படி மூடி வெச்சீங்கன்னு எழுதுங்க.