கல்லடியில் பழைய ஓட்டு வீடு: திருத்தச் செலவை எப்படிக் கணிப்பது?

நொச்சிமுனை டீச்சர்:
கல்லடியில் கடற்கரைப் பக்கமாக ஒரு பழைய கல்வீடு விலைக்கு வந்திருக்கிறது. 40க்கு 25 அடி, கலிக்கட் ஓடு, 12 பேர்ச் காணி. சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் கிட்ட என்பதால், திருத்தி மாணவிகளுக்கு அறை அறையாக வாடகைக்குக் கொடுக்கலாம் என்று யோசனை. ஒரு மேசன் சுற்றிப் பார்த்துவிட்டு 12 இலட்சம் என்றார். இன்னொருவர் 23 என்கிறார். இரண்டு பேரும் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்குப் போட்டார்கள். அட்வான்ஸ் கொடுக்க முன் எதை நம்புவது?

பழைய டீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்), கல்முனை:
தங்கச்சி, இரண்டையும் நம்ப வேண்டாம். சதுர அடி ரேட் புது வீட்டுக்குச் சரி. திருத்த வேலையில் கழற்றி இறக்கவும் கூலி, குப்பை ஏற்றவும் கூலி.

முதலில் கூரை. தரை 1000 சதுர அடிதான். ஆனால் நாலு பக்கமும் 2 அடி தாழ்வாரம் இறங்கினால் 44க்கு 29, அதாவது 1276. சரிவு 30 பாகை என்றால் 1.15ஆல் பெருக்குங்கள், 1467 வரும். தரையை விடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும்.

ஓடு பெரிய செலவில்லை, நல்லதைக் கழுவித் திரும்பப் போடலாம். காசைத் தின்பது மரம். ஏணி வைத்து ஏறி, வளை, அதாவது கூரையைத் தாங்கும் பெரிய மரம், சுவரில் உட்காரும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சுவர் ஈரமும் கறையானும் சேருவது அங்கேதான். ஓடு கொளுவும் சலாகை போனால் சமாளிக்கலாம், சலாகையைத் தாங்கும் சரிவான கைமரம் போனால் கை கடிக்கும், வளை போனால் கூரை முழுவதும் இறங்கும்.

அடுத்தது கதவு, ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டலும், வெயில் மழைக்கு வெளியே நீட்டிய சன்ஷேட்டும். அடிப்பக்கம் கம்பி ஓடும் நேரிலேயே வெடிப்பும் துருக்கறையும் தெரிந்தால் கவனம். கடல் மணலில் குழைத்த கொங்கிறீட்டில் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கொங்கிறீட்டைத் தள்ளும். மேலால் பூசிவிட்டால் மாரி கடக்க முன் மறுபடி விழும். சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் அதைப் பெயின்ட் செலவில் எழுதாமல் பூச்சுச் செலவில் எழுதுங்கள். டைல் ஆசையை இப்போதைக்கு விடுங்கள், அதற்காக எந்த மாணவியும் வாடகை கூட்டித் தரமாட்டாள்.

வேலை வேலையாக அளவு எழுதி, அதே தாளை இரண்டு மேசன்மாரிடமும் விலை போடக் கொடுங்கள். ஒப்பிடுவது அதற்குப் பிறகு. பழைய வீடு என்றால் நான் 20 வீதம் மேலதிகமாக வைப்பேன். அத்திவாரம் வெடித்திருந்தால் அந்த 20 காணாது.

ஓடாவி மகன், அக்கரைப்பற்று:
ஐயா சொன்ன மரக்கதை சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பழைய முதிரை வளை என்றால் வெளியே கறுத்துக் கிடந்தாலும் உள்ளே உறுதியாக இருக்கும். அதை மாற்றச் சொல்கிறவர், கழற்றும் மரம் யாருக்கு என்று சொல்கிறாரா பாருங்கள். உங்களுக்குத்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் மலக்குழி. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய குழி எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்குக் காணாது. கல்லடி மணலில் மாரிக்கு நிலத்தடித் தண்ணீர் மேலே வந்தால் குழித் தண்ணீர் இறங்க வழியில்லை. கிணறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

நொச்சிமுனை டீச்சர்:
இரண்டு பேரின் தாளையும் எடுத்துப் பார்த்தேன். குழியும் இல்லை, வயரிங்கும் இல்லை. 23 சொன்னவர் கேட் மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். இன்னொரு சிக்கல்: வீட்டுக்காரர் கூரையில் ஏற விடமாட்டேன் என்கிறார், ஓடு உடையுமாம்.

பழைய டீ.ஓ., கல்முனை:
உடைகிற ஓட்டுக்குக் காசு தருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் விடாவிட்டால், கூரை முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.